அடிமை என்னும் உவமை

நண்பர் ஒருவர் தொகுத்துவரும் கவிதைத் தொகுப்புக்கு என் பழைய கவிதை ஒன்றைக் கேட்டிருந்தார். வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனைக் காலில் விலங்கிட்ட அடிமையாகச் சொல்லும் கவிதை அது. வெளிவந்தபோது நாலைந்து பேர் பாராட்டினார்கள். நம் வட்டத்தில் நாலைந்து பேர் என்பது வாசகர்களில் கணிசமான சதவிகிதம். சேர்க்க வேண்டாம் என்று எழுதினேன். காரணம் கேட்டார். வடிவம் திருப்தியாக இல்லை என்று சொல்லி நழுவியிருக்கலாம். ஆனால் வடிவம் பற்றி எனக்குப் புகார் இல்லை. 'அடிமை' என்ற அந்த ஒரு சொல் பற்றித்தான். அதை எந்த உரிமையில் எடுத்துக்கொண்டேன் என்ற கேள்வி சில காலமாகத் தொந்தரவு செய்கிறது. கேள்வியைத் தெளிவாகப் பார்க்க எனக்கு உதவியது, உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் நதிக்கரையில் இருந்த லோவெல் என்ற ஆலை நகரம்.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த நாட்களில் தோரோ வழியாக அந்தப் பிரதேசம் அறிமுகம். 1846-ல் வரி கட்ட மறுத்து அவர் ஓர் இரவு சிறையில் இருந்ததும், 1849-ல் அதை ஒட்டி வந்த கட்டுரையும், காந்தி அதைப் படித்ததும் நம் எல்லோருக்கும் தெரிந்தவை. தனிமனித மனசாட்சிக்கும் அரசுக்கும் நடக்கும் மோதல் என்று வகுப்பில் விளக்கினார்கள். பின்னால் தனியாகப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. தோரோவின் கோபம் முதலில் பாய்வது தெற்கத்திய அடிமை முதலாளிகள் மேல் அல்ல. தன் மாநிலத்து வியாபாரிகள், விவசாயிகள் மேல். மாற்றத்துக்குத் தடை இவர்கள்தாம் என்கிறார். 1780-களிலேயே நீதிமன்றத் தீர்ப்புகளால் அடிமை முறை முடிவுக்கு வந்துவிட்ட மாநிலம் அது. சாட்டை எடுக்காதவனை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்? இந்தக் கேள்விக்கான பதில் தோரோவின் கான்கார்ட் கிராமத்துக்கு அருகிலேயே, லோவெல்லின் ஆலைச் சுவர்களுக்குள் இருந்தது.

2

ஃப்ரான்ஸிஸ் கபாட் லோவெல் ஒரு பாஸ்டன் வியாபாரி. பிரிட்டனில் விசைத்தறிகளைச் சுற்றிப் பார்த்து, வரைபடம் எதையும் வெளியே கொண்டுபோக முடியாத காலத்தில், பொறியமைப்பை நினைவிலேயே சுமந்துகொண்டு ஊர் திரும்பினார். பால் மூடி என்ற இயந்திர வல்லுநரின் துணையோடு 1814-ல் வால்த்தம் ஊரில் விசைத்தறி ஓடியது. நூற்பும் நெசவும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 1817-ல் அவர் இறந்த பிறகு, கூட்டாளிகள் மெரிமாக் நதி 32 அடி இறங்கும் இடத்தில் நிலம் வாங்கி ஆலைகள் கட்டி, ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1823-ல் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. 1826-ல் சுமார் 2,500 பேர் இருந்த ஊரில் 1850-ல் சுமார் 33,000 பேர்.

ஆலைகளில் முதல் தலைமுறையாக வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன், வெர்மாண்ட் பக்கத்து விவசாயக் குடும்பங்களின் பெண்கள். கம்பெனி விடுதி, கண்காணிக்க ஒரு மூத்த பெண்மணி, ஞாயிறு கட்டாயமாக சர்ச், இரவு பத்து மணிக்கு அடைபடும் கதவு. எழுவதும் உண்பதும் உறங்குவதும் மணியோசையில். வாரத்துக்குச் சராசரியாக 73 மணி நேர வேலை. இழை அறாமலிருக்க ஜன்னல்கள் மூடியிருக்கும். காற்றில் பஞ்சுத் தூசி. இவ்வளவுக்கு நடுவிலும் அந்தப் பெண்கள் எழுதினார்கள். 1840-ல் தொடங்கிய 'லோவெல் ஆஃபரிங்' முழுக்க ஆலைப் பெண்களின் எழுத்தால் ஆனது. பின்னர் அவர்களே ஆசிரியர்களாகவும் இருந்தார்கள். ஐந்தாண்டில் நின்றுபோனது. அது கம்பெனியின் ஊதுகுழல், கஷ்டத்தை மறைத்து ஆலைக்கு அழகு காட்டுகிறது என்று சாரா பாக்லி என்ற ஆலைத் தொழிலாளியே தாக்கினார். ஒரு சிறு பத்திரிகை, அதைச் சுற்றி ஒரு சண்டை: நமக்கு அந்நியமான சங்கதி அல்ல.

தறிகளுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. மாஸசூஸெட்ஸில் பருத்தி விளையாது. மிஸிஸிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூஸியானா வயல்களில் அடிமைகள் பறித்த பஞ்சு, நியூ ஆர்லியன்ஸ் போன்ற துறைமுகங்களில் கப்பலேறி பாஸ்டன் வந்து லோவெல்லுக்குப் போகும். 1793-ல் எலி விட்னியின் கொட்டை பிரிக்கும் பொறி வந்ததிலிருந்து பருத்தி நிலமும் அடிமைச் சந்தையும் சேர்ந்து பெருத்தன. 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் சுமார் 39.5 லட்சம் பேர். அந்தச் சமயத்தில் அமெரிக்க ஏற்றுமதியின் மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி மட்டுமே.

பஞ்சு வடக்கே வந்ததோடு கதை முடியவில்லை; துணியாகித் தெற்கே திரும்பிப் போனது. அடிமைகளுக்கு உடுத்துவதற்கென்றே மலிவான முரட்டுத் துணி நியூ இங்கிலாந்து ஆலைகளில் நெய்யப்பட்டது. நம் காடாத் துணியை நினைத்துக்கொள்ளலாம். தெற்கில் அதற்கு 'லோவெல்' என்றே பெயர் வந்துவிட்டது. 1930-களின் பிற்பகுதியில், அடிமைகளாகப் பிறந்து உயிரோடிருந்த முதியவர்களைக் கண்டு அவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தார்கள். அவற்றில் சிலர் சிறுவயதில் தாங்கள் உடுத்தியதை 'லோவெல்' என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு வியாபாரியின் பெயர் நகரமாகி, நகரத்தின் பெயர் ஒரு அடிமைக் குழந்தையின் சட்டையாகியிருக்கிறது.

அரசியலும் இந்தப் பாதையிலேயே போனது. 1835 அக்டோபரில் அடிமை ஒழிப்புப் பத்திரிகை நடத்திய கேரிஸனைக் கயிற்றில் கட்டி பாஸ்டன் தெருவில் இழுத்த கும்பலில் சொத்தும் அந்தஸ்தும் உள்ள கனவான்கள் இருந்தார்கள். ஆலை முதலாளிகளின் கட்சியான விக் கட்சி மாநிலத்துக்குள்ளேயே 'பருத்தி விக்'குகள் என்றும் 'மனசாட்சி விக்'குகள் என்றும் உடைந்தது. 1848-ல் அக்கட்சி நூற்றுக்கு மேல் அடிமைகளை வைத்திருந்த ஸக்கரி டெய்லரை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியபோது மனசாட்சிக்காரர்கள் வெளியேறினார்கள். சாட்டையின் பிரபுக்களும் தறியின் பிரபுக்களும் சேர்ந்து செய்த சதி இது என்று அந்த ஜூன் மாதம் சார்லஸ் சம்னர் பேசினார். ஆனால் சாட்டைப் பிரபு, தறிப் பிரபு இருவரையும் காட்டிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுமா? தறியில் நின்ற பெண்ணின் இடம் எது?

3

1834 பிப்ரவரியில் கூலிக் குறைப்பை எதிர்த்தும், 1836 அக்டோபரில் விடுதிச் செலவு ஏற்றத்தை எதிர்த்தும் லோவெல் பெண்கள் வேலையை நிறுத்தி ஊர்வலம் போனார்கள். நாங்கள் அடிமைகளாக மாட்டோம் என்று பாடிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத் தொழிலாளர் எழுத்துகளில் 'கூலி அடிமை' திரும்பத் திரும்ப வரும் படிமம். அந்தக் குரலில் பொய் இல்லை. பதின்மூன்று மணி நேரம் நின்று தறி ஓட்டுகிறவளின் வலி நிஜம். எனக்குச் சங்கடம் உண்டாக்குவது வேறு. 'நான் அடிமை' என்று அவள் பாடிய வேளையில் அவள் தறியில் ஏறியிருந்த நூல், ஒரு அடிமையின் விரல் பட்ட பஞ்சு. உவமானம் எங்கோ கற்பனையில் இல்லை. அவள் கையிலிருந்த இழையின் மறுநுனியில் ஒரு பெண்ணாக இருந்தது. உவமானமாகிவிட்ட மனுஷி அதற்குமேல் மனுஷியாக இருக்க வேண்டியதில்லை. பேசுகிறவரின் துன்பத்துக்கு அளவுகோலாக இருந்தால் போதும். உவமை முடிந்ததும் அவளை மறந்துவிடலாம்.

இந்தச் சொல் எவ்வளவு சுலபமாகக் கைமாறும் என்பதற்கு வர்ஜீனியாவின் ஜார்ஜ் ஃபிட்ஸ்ஹ்யூ சாட்சி. வடக்கின் கூலித் தொழிலாளியைவிட எங்கள் அடிமையின் நிலை மேல் என்று 1857-ல் ஒரு புத்தகமே எழுதினார் அவர். தொழிலாளி தன் வேதனையைச் சொல்ல எடுத்த ஒப்புமையை அடிமை முதலாளி தன் நியாயத்துக்கு எடுத்துக்கொண்டார். எதிர்ப்பக்கம், அந்தச் சொல்லின் மேல் உண்மையான உரிமை உள்ளவர் ஒருவர் இருந்தார். 1838-ல் தப்பி மாஸசூஸெட்ஸ் வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ், கப்பல் பலகை இடுக்கு அடைக்கும் தொழில் கற்றவர். நியூ பெட்ஃபோர்டில் வெள்ளைத் தொழிலாளர்கள் அவரோடு சேர்ந்து வேலை செய்ய மறுத்ததால் கிடைத்த கூலி வேலையைச் செய்தார். கஷ்டமான எதற்கும் 'அடிமைத்தனம்' என்று பெயர் வைப்பதை 1846-ல் லண்டன் கூட்டம் ஒன்றில் அவர் ஆட்சேபித்தார். மனிதனை மனிதன் சொத்தாக வைத்திருப்பதுதான் அடிமைத்தனம். மற்றத் துன்பங்களுக்கு அவற்றின் சொந்தப் பெயர் இருக்கட்டும் என்பது அவர் நிலை. ஒரு சொல்லின் எல்லையைக் காப்பது விமர்சகனின் வேலை என்று நாம் பேசுகிறோம். அவருக்கு அது உயிர்ப் பிரச்னை.

லோவெல் பெண்கள் எல்லோருமே மறுநுனியைப் பார்க்காதவர்கள் என்று சொல்ல வரவில்லை. அடிமை ஒழிப்பு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்களில் நிறையப் பேர். சிறுமியாக ஆலைக்குள் நுழைந்து சுமார் பத்தாண்டு வேலை செய்த லூஸி லார்கம், ஆலையை விட்டுப் பல ஆண்டு கழித்து எழுதிய கவிதை ஒன்றில் தறியில் நிற்பவள் தெற்கின் கறுப்புப் பெண்களை நினைக்கிறாள். நெய்கிற துணி கறைபடுவதை உணர்கிறாள். அங்கே உவமை இல்லை, உறவு இருக்கிறது. 'நான் அவளைப் போல' என்பதற்கும் 'நான் அவளோடு இந்த இழையால் கட்டப்பட்டிருக்கிறேன்' என்பதற்கும் உள்ள தூரம்தான் இக்கட்டுரையின் விஷயம்.

4

பஞ்சு மூட்டைக்கு முன்னால் கடன் இருந்தது. இது என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. தோட்ட முதலாளி நிலம் வாங்கவும் ஆள் வாங்கவும் கடன் வாங்குவான். அடுத்த விளைச்சலில் அடைப்பான். ஈடாகக் காட்ட அவனிடம் இருந்தவை நிலமும் மனிதர்களும். இன்றைய ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் முன்னோடிகளான இரண்டு லூஸியானா வங்கிகள் 1831-க்கும் 1865-க்கும் இடையில் சுமார் 13,000 அடிமைகளைக் கடனுக்கு ஈடாக ஏற்றன என்றும், தவணை தவறியதில் சுமார் 1,250 பேர் அந்த வங்கிகளுக்கே சொந்தமானார்கள் என்றும் அந்த வங்கி 2005 ஜனவரியில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இதைப் படித்த அன்று என்னால் வேறெதுவும் படிக்க முடியவில்லை. பதிமூன்றாயிரம் பெயர்களை யாரோ எழுதியிருக்க வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. பெயர், வயது, மதிப்பு என்று கோணாமல் எழுதிய ஒரு குமாஸ்தா. எழுத்து நன்றாக இருந்ததற்காக மேலதிகாரி அவனைப் பாராட்டியிருக்கவும் கூடும். வீட்டுக்குப் போனதும் விரல் வலிக்கிறது என்று மனைவியிடம் சொல்லியிருப்பான்.

அவனுக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். தெரிவது அங்கே பிரச்னையாகவே இருக்கவில்லை என்பதை பாஸ்டனில் நடந்த ஒன்று காட்டுகிறது. வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்த ஆன்டனி பர்ன்ஸ் 1854 மே மாதம் பாஸ்டனில் கைதானார். 1850-ல் வந்த சட்டப்படி அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஜூன் 2 அன்று படைவீரர்கள் சூழ, சுமார் ஐம்பதாயிரம் பேர் பார்த்திருக்க, துறைமுகத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். போன வழி ஸ்டேட் தெரு. வங்கிகளும் வியாபார அலுவலகங்களும் நிறைந்த தெரு. ஜன்னல்களில் கறுப்புத் துணி தொங்கியது. 'சுதந்திரம்' என்று எழுதிய சவப்பெட்டி ஒன்றும் தொங்கியது. ஆலைத் துணி வியாபாரத்தில் பெரும் பணக்காரரான ஆமோஸ் ஆடம்ஸ் லாரன்ஸ், முந்தின இரவு சமரசம் பேசும் பழைய விக்குகளாகப் படுத்தவர்கள் காலையில் அடிமை ஒழிப்பு வெறியர்களாக எழுந்தோம் என்ற பொருளில் உறவினருக்கு எழுதினார். பிறகு கான்ஸாஸ் பிரதேசத்தில் அடிமை முறை பரவாமலிருக்கக் குடியேறியவர்களுக்குப் பணம் கொடுத்தார்; அங்கே ஒரு நகரம் அவர் பெயரில் இருக்கிறது. அவருக்குப் புதிதாக எந்தத் தகவலும் கிடைத்துவிடவில்லை. நாற்பது லட்சத்தை நெருங்கிய ஓர் எண், ஓர் ஆளாகி, அவர் தெருவில் நடந்துபோனது. தூரம் அழிந்தது, அவ்வளவே. தூரம் அழிந்தால்தான் அறம் விழிக்கும் என்றால் நம் தார்மீகம் எல்லாம் கண்பார்வைக்கு உட்பட்ட விஷயம்தானா?

போர் வந்தபோது முதலில் செத்தவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1861 ஏப்ரல் 19 அன்று பால்டிமோர் தெருவில் மாஸசூஸெட்ஸ் ஆறாம் படைப்பிரிவைக் கும்பல் தாக்கியதில் நான்கு வீரர்கள் இறந்தார்கள். இருவர் லோவெல்லில் வேலை பார்த்த தொழிலாளர்கள். லூதர் லாட், அடிஸன் விட்னி. லாடுக்கு 17 வயது. ஆலை முதலாளிகளோ, போரில் விலை ஏறிய பஞ்சை லாபத்துக்கு விற்றுவிட்டு ஆலைகளை மூடினார்கள்; ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள். நடுவில் நின்றவர்களிடம்தான் இரண்டு பக்கத்துக் கடனும் வசூலாகியிருக்கிறது.

5

நம் மரபில் இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு: மடி. கறை பட்டதைத் தொடாதே, விலகு, குளி. அமெரிக்காவிலும் இதைச் செய்து பார்த்தார்கள். அடிமை உழைப்பில் விளைந்த பருத்தியையும் சர்க்கரையையும் வாங்குவதில்லை என்று குவேக்கர்கள் பலர் விரதம் இருந்தார்கள். சுதந்திர உழைப்பில் விளைந்த சரக்குக்கென்று தனிக் கடைகள் இருந்தன. சரக்கு குறைவு, விலை அதிகம், தரம் சுமார். ஆரம்பத்தில் ஆதரித்த கேரிஸனே பின்னர் இதனால் பயனில்லை என்று ஒதுக்கினார். தன் கை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு எதிரே இருப்பவனின் கை தெரியாமல் போகும் என்பது அவருடைய தரப்பின் பலம். ஆனாலும் அவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர், கொன்றவன் வேறு, விலைக்கு வாங்கியவன் வேறு என்று தப்பிக்க இடம் தராமல் இருவரையும் ஒரே சங்கிலியில் வைத்துவிடுகிறார். குவேக்கர்கள் அந்தச் சங்கிலியைப் பார்த்தவர்கள். அதை அறுக்கத் தங்கள் விரதம் போதும் என்று நம்பியதுதான் தவறு.

மறுபக்க வாதம் நம் நண்பர்களுடையது. குமாஸ்தா என்ன செய்வான், அவனும் அமைப்பின் பலிதானே என்பார்கள். பலிதான், ஆனால் பலி என்பது அவன் கணக்கில் ஒரு பத்தி மட்டும். இன்னொரு பத்தி இருக்கிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அடித்துவிட முடியாது என்பது வரவு செலவு தெரிந்த எவனுக்கும் விளங்க வேண்டியது.

என் கணக்குக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். கரிசல் நிலம், பருத்தி நிலம். லோவெல் ஆலைகள் மூடிக்கிடந்த அந்தப் போர் வருஷங்களில், அமெரிக்கப் பஞ்சு வராமல் தவித்த லங்காஷயருக்காகத் திருநெல்வேலிச் சீமைப் பஞ்சு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி விலை எக்கச்சக்கமாக ஏறியதும், 1865-ல் போர் முடிந்ததும் இறங்கியதும் அந்த மண்ணின் சரித்திரம். அங்கே நகைக் கடன் பிரிவில் இருந்தேன். தவணை கடந்த கணக்குகளுக்கு ஏலப் பட்டியல் தயாரிப்பது என் வேலை. பாம்படம் ஒரு ஜோடி, மொத்த எடை, நிகர எடை. ஏலம் முடிந்த மறுவாரம் ஒரு கிழவி பணத்தை முந்தியில் முடிந்துகொண்டு வந்தாள். நோட்டீஸ் பதிவுத் தபாலில் போயிருந்தது. மகள் வீட்டில் இருந்த அவளுக்குக் கிடைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். கத்தவில்லை, அழவில்லை. அடகுச் சீட்டை என் பக்கம் நகர்த்தி, "நீங்கதான தம்பி எழுதிக் குடுத்தீக?" என்று மட்டும் கேட்டாள். "எழுதறதுதான் பாட்டி என் வேலை. முடிவெல்லாம் மேல" என்றேன்.

பாம்படம் மனிதன் அல்ல. அந்த ஏலம் சட்டத்துக்கு விரோதமும் அல்ல. லூஸியானா குமாஸ்தாவையும் என்னையும் ஒரே தட்டில் வைத்தால் நான் இவ்வளவு நேரம் கண்டித்த அதே உவமையைத் திரும்பச் செய்தவனாவேன். அவன் எழுதிய பெயர்களுக்கு உரியவர்களின் துன்பத்தை என் சங்கடத்துக்கு அளவுகோலாக்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் 'மேல' என்ற அந்தச் சொல் இருக்கிறதே, அது எல்லாக் குமாஸ்தாவின் வாயிலும் ஒன்றுதான்.

நண்பருக்கு நான் எழுதாமல் விட்டது இதுதான். அந்தக் கவிதையை எழுதியது அதே வாரம். கிழவி போன பிறகு மனசு சரியில்லை. இரவு உட்கார்ந்தபோது 'அடிமை' என்ற சொல் வந்தது, அதைத் தொடர்ந்து வரிகள் வந்தன, மனசு லேசாயிற்று. லேசானது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவளை அழித்துவிட்டு, அவளுடைய இடத்தில் நானே போய் நின்றுகொண்டேன். கவிதையில் துன்பம் இருக்கிறது, கிழவி இல்லை. அது நன்றாக எழுதப்பட்ட கவிதை என்று இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விளக்க வேண்டியிருக்கிறது.

வேலையை விடவில்லை, விடுவதாகவும் இல்லை. இப்போது பேரேட்டுக்குப் பதில் திரை, கையெழுத்துக்குப் பதில் கடவுச்சொல். பட்டியல்கள் இன்னும் என் பெயரில்தான் போகின்றன. ஏலத்துக்கு முன் ஒரு தடவை போன் செய்துவிடுகிறேன். அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஸ்டேட் தெரு ஜன்னலில் தொங்கிய கறுப்புத் துணி அளவுகூட இல்லை. தொகுப்பில் அந்தக் கவிதை வேண்டாம். அந்த வாரத்தைப் பற்றி எழுத வேண்டிய கவிதையை நான் இன்னும் எழுதவில்லை.